கரையும் மதில்

திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள், பெரம்பலூரைத் தாண்டி 17 கிலோமீட்டர் போனதும், ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்த்திருப்பார்கள். பேருந்தின் ஜன்னல் வழியாக. பாறையும் மதிலும் ஒரே நிறம். எங்கே பாறை முடிந்து மதில் தொடங்குகிறது என்று கண் பிரித்துக்கொள்வதற்குள் பேருந்து போய்விடும். நான் அதை ஐம்பது வருஷத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எங்கள் காட்டிலிருந்து. எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலத்துக்குக் காடு என்றுதான் பெயர். அதில் மரம் இருக்க வேண்டும் என்பதில்லை. கோட்டைக்குக் கிழக்கே, நடந்தால் பத்து நிமிஷம்.

கோட்டையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கர்நாடக நவாபின் கீழிருந்த ஒரு ஜாகீர்தார் 17ஆம் நூற்றாண்டில் கட்டியது என்கிறது மத்தியத் தொல்லியல் துறையின் குறிப்பு. நீள்வடிவம், அரைவட்டக் கொத்தளங்கள், சுற்றிலும் அகழி, வெட்டிய கல்லால் ஆன மதில். மூன்று உயரங்களில் மூன்று அரண்கள். மேலே இருப்பது கோட்டை மேடு, கீழே இருப்பது பேட்டை. இரண்டையும் ஒரு சுரங்கவழி இணைக்கிறது என்பதோடு துறை நிறுத்திக்கொள்கிறது. ஊர் நிறுத்துவதில்லை. நான் படித்த பள்ளிக்கூடத்தில் அந்தச் சுரங்கம் செஞ்சி வரைக்கும் போயிற்று. தமிழ்நாட்டுக் கோட்டைகளின் சுரங்கங்களையெல்லாம் சேர்த்து இணைத்தால் தென்னிந்திய ரயில்வேக்கு நிகராக நிலத்தடியில் ஒன்று இருக்கும். அதற்கான புகழில் பாதியைத் தொடர்கதைகளுக்குக் கொடுக்க வேண்டும். குதிரையோடு உள்ளே இறங்கும் இளவரசன்தான் கோட்டை என்றால் நமக்கு ஞாபகம் வருகிறவன். மதிலை வைத்தவன் வருவதில்லை.

வாசலில் நீலப் பலகை. 1958ஆம் வருஷச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட சின்னம், சிதைப்பவர்களுக்குத் தண்டனை. பழைய சட்டத்தில் மூன்று மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய்; 2010ஆம் வருஷத் திருத்தத்தில் அது இரண்டு வருஷம் அல்லது ஒரு லட்சம் ரூபாய் ஆயிற்று. சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் கட்டக் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும் என்பது 1992ஆம் வருஷ அறிவிப்பு. ஆகக் கூட்டினால் 300 மீட்டர். எங்கள் காடு அதற்கு வெளியே இருக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் ஒப்புக்கொள்ளப்போகும் காரியத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. யாரும் என்னைப் பிடிக்க முடியாது.

எங்கள் காட்டின் கீழ்க்கோடியில் ஒரு கரை இருந்தது. தெற்கு வடக்காக, என் நடையில் நூற்றுப் பத்துத் தப்படி. ஆளின் நெஞ்சுயரம், சில இடங்களில் இடுப்பு. அதன் மேல் கற்றாழையும் நொச்சியும் அடர்ந்து கிடக்கும். கரை என்று சொன்னாலும் அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏரியோ குட்டையோ கிடையாது. எதற்கான கரை என்று யாரும் கேட்டதில்லை. அப்பாயி அதைப் 'பெரிய கரை' என்பாள். சளி பிடித்தால் ஆவி பிடிக்க நொச்சி அங்கிருந்துதான் வரும். சோளக் குதிருக்குள் பூச்சி அண்டாமல் இருக்க அதே தழையை ஒடித்துப் போடுவாள். வேறு எந்த முக்கியத்துவமும் அந்த மண்ணுக்கு எங்கள் வீட்டில் இருந்ததில்லை.

2002இலும் 2003இலும் மழை இல்லை. பருத்தி போயிற்று. தம்பிதான் விவசாயம் பார்த்தான். நான் திருச்சியில் மாதச் சம்பளக்காரன், வருஷத்தில் நாலு தடவை வந்து யோசனை சொல்லிவிட்டுப் போகிற அண்ணன். மக்காச்சோளம் எங்கள் பக்கத்தில் பரவத் தொடங்கியிருந்த நேரம். கரை பன்னிரண்டு சென்டைத் தின்கிறது, எலியும் பாம்பும் அதில்தான் இருக்கின்றன, வெட்டிச் சமப்படுத்திவிடலாம் என்றான். மண்ணுக்கும் ஆள் இருந்தது: பக்கத்து ஊரில் புது வீட்டுக்கு அடித்தளம் மேடாக்குகிறவர் ஒருவர். நான் சரி என்றேன். யோசித்துச் சொன்னேன் என்றுகூடச் சொல்ல முடியாது.

பொக்லைன் வந்து இரண்டு நாள் வேலை செய்தது. ஓட்டுநர் நாமக்கல் பக்கத்துப் பையன், இருபத்திரண்டு வயதிருக்கும். முதல் நாள் காலையில் கரையின் நடுவில் குறுக்காக ஒரு வெட்டு வெட்டி டிராக்டர் உள்ளே வர வழி செய்தான். வெட்டிய இடத்தில் மண் செங்குத்தாக, சுவர் மாதிரி நின்றது. டிராக்டருக்காகக் காத்திருந்த நேரத்தில் அவன் இறங்கிவந்து அதைப் பார்த்தான். பிறகு என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணே, இது தானா கெடந்த மண்ணு இல்லண்ணே. யாரோ அள்ளியாந்து கொட்டுனது. பாருங்க, கூட கூடயாத் தெரியுது."

பார்த்தேன். கறுப்பு, செம்மை, சுக்கான் கலந்த வெளுப்பு, மறுபடி கறுப்பு. பட்டை பட்டையாக அல்ல. ஒன்றன் மேல் ஒன்று கவிழ்த்த சிறிய குவியல்களாக, மீன் செதில் மாதிரி. அடியில் ஒரு கரும் கோடு நேராக ஓடியது. அது மண் கொட்டப்படுவதற்கு முந்தைய தரை என்று இப்போது சொல்லத் தெரிகிறது. அன்று எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: கரிசலைத் தனியாகப் பிரித்துக் காட்டில் போட்டுவிட்டு மற்றதை மட்டும் விற்கலாமே. தம்பியிடம் சொன்னேன். பிரிப்பதற்கு வாடகை கூடும் என்றான். விட்டுவிட்டோம். அந்த வெட்டுமுகம் அரை நாள் என் எதிரில் நின்றது. மத்தியானத்துக்கு மேல் அதுவும் போயிற்று. மொத்தம் 73 லோடு என்று தம்பி நோட்டில் எழுதி வைத்திருந்தான்.

எட்டு வருஷம் கழித்து, வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது ராபர்ட் ஆர்மின் புத்தகம் கிடைத்தது. ஆர்ம் சென்னையில் கம்பெனி உத்தியோகத்தில் இருந்தவர். ஆங்கிலேயர் இந்துஸ்தானத்தில் நடத்திய போர்களைப் பற்றிய அவருடைய சரித்திரத்தின் முதல் பாகம் 1763இல் வெளிவந்தது. அதில் 1751ஆம் வருஷ நிகழ்ச்சிகளில் எங்கள் கோட்டை வருகிறது, பக்கத்துக் கோயிலூரான வாலிகண்டபுரத்தின் பெயரைச் சிதைத்த ஒரு பெயரில். அவர் சொல்வது இவ்வளவு: சுமார் 200 அடி உயரமான பாறை, அடியில் ஒரு மைல் சுற்றளவு, அதைச் சுற்றி மூன்று மதில்கள், பாறையின் கீழ்த்திசையில் சமதரையில் கல்லால் கட்டிய ஒரு கோட்டை, அதை ஒட்டி ஓர் ஊர், ஊரைச் சுற்றி அவ்வளவாகப் பலமில்லாத ஒரு மண்மதில்.

கிழக்கே. மண்மதில். இந்த இரண்டு சொற்களையும் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் மிகையாகத் தோன்றும்.

அந்த வருஷம் நடந்தது சுருக்கமாக. நவாப் பதவிக்கு இருவர் போட்டி: பிரெஞ்சுக்காரர் துணையோடு சந்தா சாகிப், ஆங்கிலேயர் துணையோடு முகமது அலி. சந்தா சாகிப் ஆற்காட்டிலிருந்து திருச்சிக்கு வருகிறார். வழியில் இந்தக் கோட்டை. கேப்டன் ஜிஞ்சன்ஸ் தலைமையில் ஆங்கிலேயப் படை வந்து முகாமிடுகிறது. அதில் ராபர்ட் கிளைவ் என்ற இளைஞரும் இருந்தார், சாமான் சப்ளை பார்க்கிற வேலையில். கோட்டைக்குப் பொறுப்பாக இருந்தவர் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டு நாளைக் கடத்தினார். பொறுமையிழந்த ஆங்கிலேயப் படை ஒரு ராத்திரி ஊருக்குள் புகுந்தது. மண்மதிலைத் தாண்டுவதில் சிரமம் இருக்கவில்லை. ஊருக்குத் தீ வைத்துவிட்டுக் கல்கோட்டையில் ஏறப் பார்த்தார்கள், முடியவில்லை. பிரெஞ்சுப் படை வந்தது; ஆங்கிலேயச் சிப்பாய்களைப் பீதி பிடித்தது; திருச்சிக்குப் பின்வாங்கினார்கள். சில வாரங்களில் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார், பிறகு நடந்தது பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

பாடப் புத்தகத்தில் இல்லாதது எரிந்த ஊர். கோட்டையை ஒட்டிய பேட்டையில் இருந்தவர்கள் யார்? நெசவாளி, எண்ணெய் ஆட்டுகிறவன், தானியம் விற்கிறவன், குதிரைக்குப் புல் அறுக்கிறவள். எல்லாப் பேட்டைகளிலும் இருந்தவர்கள்தான். கல்கோட்டைக்குள் இருந்தவர்களுக்குக் கல் மதில். இவர்களுக்கு இவர்களே வைத்துக்கொண்ட மண். பெரிய மனிதர்கள் சமரசம் பேசிக்கொண்டிருந்த இரண்டு வாரம் இவர்கள் அந்த மண்ணுக்குப் பின்னால் காத்திருந்திருக்கிறார்கள். ஆர்ம் இவர்களில் ஒருவரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஊர் எரிந்ததைச் சொன்னதே அது படைநகர்வின் ஒரு பகுதி என்பதால்.

எங்கள் கரை அந்த மதில்தான் என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. நிரூபணம் 73 லோடாகப் போய்விட்டது.

மண்ணை வெட்டிப் படிப்பது ஒரு கலை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இங்கிலாந்தில் டார்செட் என்ற பகுதியில் மெய்டன் காஸில் என்று ஒரு குன்று இருக்கிறது. பெயரில்தான் காஸில், கல் மதிலோ கோபுரமோ எழுந்து நிற்பதில்லை. சரித்திர காலத்துக்கு முந்தைய மக்கள் குன்றைச் சுற்றி அடுக்கடுக்காகக் கரை போட்டும் அகழி தோண்டியும் வைத்த மண் அரண் அது. புல் மூடிய பச்சை அலைகள். படத்தில் பார்த்தால் யாரோ பெரிய ஏர் கொண்டு குன்றைச் சுற்றி உழுத மாதிரி இருக்கும். மார்ட்டிமர் வீலர் 1934 முதல் 1937 வரை அதை அகழ்ந்தார். கரையைக் குறுக்காக வெட்டி, வெட்டுமுகத்தில் ஒவ்வொரு மண் அடுக்குக்கும் சீட்டுக் குத்தி, எது முதலில் கொட்டப்பட்டது, எது பிறகு, எங்கே சரிந்தது, எங்கே மறுபடி உயர்த்தினார்கள் என்று வாசித்தார். ஒரு குழியில் இருபதாயிரத்துக்கு மேல் கவண்கற்கள் கிடைத்தன, கடற்கரையிலிருந்து பொறுக்கி வந்த கூழாங்கற்கள். கரைகள் ஏன் அவ்வளவு அகலம் என்பதற்குக் கவண்தான் காரணம் என்றார். எங்கள் பக்கத்தில் கம்புக் கொல்லையில் கிளி விரட்டுகிற பிள்ளைகள் சுற்றிய அதே கவண்.

வீலர் கண்டுபிடித்த கதைகள் எல்லாம் நிற்கவில்லை. கீழவாசலில் கிடைத்த எலும்புக்கூடுகளை வைத்து ரோமானியர் நடத்திய படுகொலை என்று அவர் எழுதியதை 1985-86இல் நடந்த அகழாய்வுக்குப் பிறகு பலர் ஏற்பதில்லை. கதை மாறலாம், வரைந்து வைத்த வெட்டுமுகம் மாறுவதில்லை. வெட்டியவன் வரைந்து வைத்திருந்தால், அவன் சொன்னது தவறு என்று இன்னொருவன் அதைக் கொண்டே காட்ட முடியும். இதே மனிதர் 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைக்கு வந்தார். அடுத்த வருஷம் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டை அகழ்ந்தார். அந்த வெட்டுமுறையை இங்கேயும் கற்றுக்கொடுத்தார். நாமக்கல் பையனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தினமும் மண்ணை வெட்டுகிறவன், வித்தியாசமான மண் எதிர்ப்பட்டதும் கவனித்தான். எங்கள் காட்டில் அன்றைக்கு இருந்த ஒரே தொல்லியல்காரன் அவன்தான். ஆர்மையும் வீலரையும் படிக்கக்கூடியவனாக இருந்த நான் கரிசலின் விலையை யோசித்துக்கொண்டிருந்தேன்.

மண் என்றால் பலவீனம் என்ற எண்ணம் நமக்குள் எப்படி வந்தது என்று தெரியவில்லை. ராஜஸ்தானத்தில் பரத்பூர்க் கோட்டையின் மண் மதில்களை 1805இல் ஜெனரல் லேக் நான்கு தடவை தாக்கி நான்கு தடவையும் தோற்றார். பீரங்கிக் குண்டு கல்லைப் பிளக்கும். மண் அதை விழுங்கிக்கொள்ளும். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண் கோட்டை. 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட பிறகு கம்பெனி அதை இடித்தது. 1801இல் சிறையிலிருந்து தப்பி வந்த ஊமைத்துரையின் ஆட்கள் அதை மறுபடி எழுப்பினார்கள், சில நாட்களில். கல்லில் அது முடியாது. ஊரே கூடி மண் சுமந்தால்தான் முடியும். மார்ச் கடைசியில் நடந்த முதல் தாக்குதலை அந்தப் புது மண் தாங்கியது. மே மாதம் பீரங்கிகள் கூடுதலாக வந்த பிறகுதான் விழுந்தது. கம்பெனி இந்தத் தடவை தரைமட்டமாக்கியது. இப்போது அங்கே போனால் ஒரு கோட்டையைப் பார்க்கலாம். அது 1974இல் அரசாங்கம் கட்டிய நினைவுக் கோட்டை. நல்ல உறுதியான கட்டடம். மண் சுமந்தவர்களுக்கு எழுப்பிய நினைவில் மண் இல்லை.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் இருக்கிற பார்வைதான். எங்கள் மாவட்டத்தில் சாத்தனூரில் ஒரு மரம் இருக்கிறது. 12 கோடி வருஷத்துக்கு முன் கடலோரம் விழுந்து புதைந்து கல்லாகிப் போன அடிமரம்; 18 மீட்டர் நீளம். 1940இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டார். அதற்கு வேலி உண்டு, பலகை உண்டு, காவல் உண்டு. இந்த மாவட்டத்தில் ஒரு மரத்துக்குக்கூடக் கல்லான பிறகுதான் வேலி கிடைக்கிறது என்று ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். நான் பாதிதான் விளையாட்டாகச் சொன்னேன்.

நம் மொழிக்கு இந்தப் பார்வை இயல்பானதல்ல என்பதுதான் ஆச்சரியம். மதிலுக்கு மட்டும் எயில், இஞ்சி, புரிசை, நொச்சி என்று எத்தனை சொற்கள். காவற்காட்டுக்கு மிளை, அகழிக்குக் கிடங்கு. வள்ளுவர் அரண் என்று எண்ணுவதில் நீரும் வெறும் நிலமும் மலையும் காடும் இருக்கின்றன. கல் என்று தனியாக இல்லை. முற்றுகையிடுகிறவனுக்கு உழிஞை, உள்ளேயிருந்து காக்கிறவனுக்கு நொச்சி என்று புறப்பொருள் வெண்பாமாலை பிரிக்கிறது. தொல்காப்பியம் இரண்டையும் உழிஞையிலேயே அடக்கும். காப்பவர்கள் நொச்சிப் பூவைச் சூடியதால் அந்தப் பெயர் என்பார்கள். இருக்கலாம். எனக்கு ஒரு குடியானவனின் யூகம் உண்டு. நொச்சி வேலிச் செடி. குச்சியை ஒடித்து நட்டாலே பிடித்துக்கொள்ளும், ஆடு வாய் வைக்காது, வேர் கரையை இறுக்கிப் பிடிக்கும். மண்மதில் இருந்த இடத்திலெல்லாம் நொச்சி இருந்திருக்கும். சிற்றூருக்கும் நொச்சி என்றொரு பெயர் இருந்ததாக அகராதி சொல்கிறது. மதிலும் ஊரும் செடியும் ஒரே சொல்லாக இருந்த காலத்தில் யாரோ ஒருத்தி தழை ஒடித்துக் குதிரில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இந்தச் சொற்களை மேடையில் உரக்கச் சொல்லி மார்தட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு நொச்சிச் செடியை அடையாளம் காட்டத் தெரியும் என்பது வேறு விஷயம். எனக்குத் தெரியும். தெரிந்தும் வெட்டக் கொடுத்தேன்.

மண் அரண்களை நாடு முற்றிலும் கவனிக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் பொற்பனைக்கோட்டையில் அகழியும் மண்மதிலுமாகச் சங்க காலக் கோட்டை ஒன்று கிடந்தது. 2021இல் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2023இல் மாநிலத் தொல்லியல் துறையும் அங்கே அகழாய்வைத் தொடங்கின. நல்லது. அங்கே சங்க காலம் என்ற ஒரு சொல் துணைக்கு நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டுப் பேட்டைக்காரர்களின் மண்ணுக்கு அப்படி எந்தச் சொல்லும் இல்லை.

ஆர்மைப் படித்த வருஷத்தில் ஒரு நாள் காரணமில்லாமல் கங்கைகொண்டசோழபுரத்துக்குப் போனேன். காரணம் இருந்தது, குற்றத்தில் கூட்டாளி தேடிப் போனேன். அந்த ஊர் 2001இல் பிரிந்த அரியலூர் மாவட்டத்தில் இருந்தது, 2002இல் பெரம்பலூருக்குத் திரும்பிற்று, 2007இல் மறுபடி அரியலூருக்குப் போயிற்று. எல்லைகளை இப்படி வரைந்தும் அழித்தும் விளையாட முடிகிறது என்பது கரை வெட்டியவனுக்கு ஓர் ஆறுதல். கோயில் கல்; அதனால் நிற்கிறது. ராஜேந்திரனின் அரண்மனை செங்கல். அது மாளிகைமேடு என்ற பெயரில் ஒரு மேடாக மிஞ்சி, 1980 முதல் அகழப்பட்டு, அடித்தளங்களாகத் தெரிகிறது. உட்கோட்டை என்ற ஊர்ப்பெயர் இருக்கிறது, கோட்டை இல்லை. கல்லும் தப்பவில்லை: 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கோயிலின் சுற்றுமதிலை இடித்துக் கல்லைக் கொண்டுபோனார்கள். தடுக்கப் பார்த்த ஊர்க்காரர்களைத் தண்டித்ததையும், பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகக் கொடுத்த வாக்கு நிறைவேறாததையும் அந்த நூற்றாண்டிலேயே ஓர் ஆங்கிலேயர் வெட்கத்தோடு எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் நான் அங்கே நின்று பார்த்தது ஏரிக்கரை. சோழகங்கம். இப்போது பொன்னேரி. கங்கைவரை போய் வந்ததற்கு அடையாளமாக ராஜேந்திரன் நாட்டிய, நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு இதைச் சொல்கிறது. வடக்கு தெற்காக 16 மைல் நீளக் கரை என்று 19ஆம் நூற்றாண்டுக் குறிப்பு. அதில் எத்தனை கூடை மண் இருக்கும்? செப்பேடு சொல்லும் வெற்றியில் எனக்கு அக்கறை இல்லை. உடைந்தும் தூர்ந்தும் போன பிறகும் அந்தக் கரை கண்ணுக்குத் தெரிகிறது என்பதும், அதன் மேல் ஒருத்தர் மாடு ஓட்டிக்கொண்டு போனார் என்பதும்தான் எனக்கு முக்கியமாகப் பட்டன. மண் வேலையின் குணம் அது. கல்லைக் கட்டிவிட்டுப் போய்விடலாம். மண்ணை விட்டுவிட்டுப் போக முடியாது. எங்கள் பழைய வீடு மண்சுவர். ஒரு முழம் வைத்துக் காயவிட்டு அதன் மேல் அடுத்த முழம் வைத்தது என்று தாத்தா சொல்வார். ஒவ்வொரு ஐப்பசிக்கு முன்னும் அப்பாயி சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசுவாள், சுவர்த்தலையில் கீற்று மாற்றுவார்கள். ஒரு வருஷம் விட்டால் மழை தின்றுவிடும். யாரோ வருஷாவருஷம் செய்துகொண்டே இருப்பதற்குத்தான் மண்மதில் என்று பெயர். இதை எந்தப் பலகை பாதுகாக்கும்? 1751இல் எரிந்த பிறகு பேட்டைக்காரர்கள் திரும்பி வந்து அந்த மதிலை உயர்த்தினார்களா, அப்படியே விட்டுவிட்டார்களா என்பதை வெட்டுமுகம் சொல்லியிருக்கும். தீயின் சாம்பல் ஒரு கோடாக இருந்திருக்கும். நான் பார்த்த கறுப்பில் எது கரிசல், எது சாம்பல்?

கரை போன பிறகு வந்த முதல் பெருமழையில் ஒன்று தெரிந்தது. மேல்காட்டுத் தண்ணீர் முன்பெல்லாம் கரையில் முட்டி வடக்கே திரும்பி ஓடைக்குப் போகும். இப்போது நேராக இறங்கி அடுத்தவர் காட்டில் ஒரு பள்ளம் பறித்தது. அவரோடு இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் தம்பி தன் செலவில் இடுப்புயரத்துக்கு வரப்புப் போட்டான். பழைய இடத்திலேயே.

முழுக்கப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தென்கோடியில் ஒரு வேப்பமரம் கரையில் வேரூன்றி நின்றது. வேம்பை வெட்ட அம்மா விடவில்லை. பொக்லைன் அதைச் சுற்றி ஐந்தாறு தப்படி விட்டுவிட்டது. அந்தத் துண்டு இருக்கிறது, நொச்சியோடு. போன மாதம் தம்பி போன் செய்தான். ரோட்டோரம் மனை போடுகிறவர்கள் காட்டுக்கு விலை பேசுகிறார்கள், பாதை அந்த மூலை வழியாகத்தான் வர வேண்டுமாம்.

"அந்தத் துண்டு மட்டும் இருக்கட்டுமே" என்றேன்.

"எதுக்குண்ணே?"

போனில் சொல்லக்கூடிய பதில் இல்லை. 1751 என்று சொல்லிப் பார்த்தேன். அவன் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, மரத்தின் வேர் படாத பக்கமாக, ஒரு முழ அகலத்துக்குச் செங்குத்தாகச் சீவினேன். தொல்லியல்காரர்கள் பார்த்தால் திட்டுவார்கள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. எனக்கு மூச்சு வாங்கிற்று. சொம்பில் தண்ணீர் எடுத்து வெட்டுமுகத்தில் தெளித்தேன். ஈரத்தில் நிறங்கள் எழுந்தன. கறுப்பு, செம்மை, வெளுப்பு. செதில் செதிலாக.

தம்பி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தான். பிறகு குனிந்தான். விரலால் ஒரு செம்மண் குவியலின் விளிம்பைத் தடவிக்கொண்டே போனான்.

"இது ஒரு கூட" என்றான். "இது வேற கூட. இது பெரிய கூட, ஆம்பள சொமந்தது."

பதினொன்று வரைக்கும் எண்ணினான். கரண்டு வந்திருந்தது; மோட்டார் போட வேண்டும் என்று எழுந்து போனான். மனைக்காரர்களுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.